பாடம் சிலருக்கு மட்டும் முந்தின நாளே கிடைக்கிறது

"முன்னாடியே பி.பி.டி.யைக் கொடுத்துட்டா பசங்க கிளாசுக்கே வர மாட்டானுங்க சார்." தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் இந்த வாக்கியம் ஒலிக்காமல் ஒரு பருவம் முடிவதில்லை. கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள், "மொத்தப் பாடமும் முடியட்டும், டெஸ்ட்டுக்கு முன்னாடி குரூப்பில் போடுறேன்" என்பார்கள். கறாரானவர்கள், "உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு டிகிரி எதுக்கு?" என்று முடித்துவிடுவார்கள்.

இதைக் கற்பித்தல் முறை பற்றிய சின்ன விவாதம் என்று நினைத்து நம் இயக்கங்களும் கடந்து போகின்றன. நான் கடக்கத் தயாரில்லை. வகுப்பில் காட்டப்போகும் ஸ்லைடுகளை வகுப்புக்கு முன்பே எல்லா மாணவர்களுக்கும் கொடுக்க வேண்டும். இது ஆசிரியரின் மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது. கல்லூரியின் விதியாக இருக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று சொல்பவர் சாதி வெறியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய மறுப்பு வகுப்பறையில் செய்யும் வேலை சாதியின் வேலைதான். எப்படி என்று சொல்கிறேன்.

அரை நிமிடத்தின் விலை

ஒரு தங்கையை எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. இயற்பியலில் பாகுநிலை, பரப்பு இழுவிசை, திருப்புவிசை எல்லாம் தெரியும். கணக்குகள் போட்டு மதிப்பெண் வாங்கித்தான் பொறியியல் கல்லூரிக்குள் வந்திருக்கிறார். முதல் பருவத்தில் ஒரு நாள் திரையில் 'விஸ்காசிட்டி' என்று ஒரு சொல் வருகிறது. அது தனக்கு ஏற்கனவே தெரிந்த பாகுநிலைதான் என்று அவருக்குப் பிடிபட அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்தில் ஸ்லைடு மாறிவிட்டது. மாறிய ஸ்லைடில் இன்னொரு சொல். அதற்கும் அரை நிமிடம். நடுவில் கை எழுதிக்கொண்டும் இருக்க வேண்டும். ஏனென்றால் இது திரும்பக் கிடைக்காது.

ஐம்பது நிமிடம் இப்படிப் போனால் அவர் நோட்டில் மிஞ்சுவது பாதி பாதி வாக்கியங்கள். ஆசிரியர் எடுத்துக்காட்டு சொன்னபோது அவர் முந்தைய ஸ்லைடின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தார். "டவுட் இருக்கா?" என்று கேட்டபோது, எது டவுட் என்று சொல்லக்கூட அவரிடம் முழுசாக ஒன்றும் இல்லை. அமைதியாக இருந்தார். அந்த அமைதியைப் பார்த்துத்தான், "கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு பேசிக்ஸே இல்ல" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. முதலில் ஆசிரியர் நம்புகிறார். பிறகு பக்கத்து பெஞ்சுக்காரர் நம்புகிறார். முதல் அரியர் விழும்போது அந்தத் தங்கையும் நம்பிவிடுகிறார்.

இப்போது அதே பதினைந்து ஸ்லைடு முந்தின ராத்திரி அவர் போனில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தெரியாத சொற்களைத் தேடியிருப்பார். பாகுநிலை என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பார். எந்த இடம் புரியவில்லை என்று வகுப்புக்கு வரும்போதே தெரிந்திருக்கும். கை எழுதுவதிலிருந்து விடுபட்டு, காது கேட்கத் தொடங்கியிருக்கும். கேள்வி கேட்டிருப்பார் என்று உறுதி கொடுக்க முடியாது. கேட்பதற்கான வாய்ப்பாவது இருந்திருக்கும். இதற்குக் கல்லூரிக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு கோப்பை அனுப்பும் நேரம்.

யாருக்கு ஏற்கனவே கிடைக்கிறது?

"எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே ஸ்லைடு, ஒரே எக்ஸாம். இதுல என்ன பாகுபாடு?" என்று கேட்கிறார்கள். அந்த 'ஒரே'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலவழியில் படித்து வந்த மாணவருக்கு அந்தச் சொற்கள் பத்தாம் வகுப்பிலேயே பழகிவிட்டன. அப்பாவோ அம்மாவோ ஆசிரியராக, பொறியாளராக இருக்கும் வீட்டில் பாடத்தின் பெயர் சாப்பாட்டு நேரத்தில் அடிபடுகிறது. காசு இருப்பவர் பாடத்துக்குத் தனி டியூஷன் வைத்துக்கொள்கிறார். இவை எதுவும் இல்லையென்றாலும் இன்னொன்று இருக்கிறது: சீனியர் நோட்ஸ். போன வருடம் அதே ஆசிரியர் காட்டிய அதே பி.பி.டி., அதே முக்கியக் கேள்விகள், எங்கே கோடு போட வேண்டும் என்பது உட்பட, கை மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வழியாக மாறுகிறது? ஊர்க்காரர், சொந்தக்காரர், ஒரே ரூமில் தங்குபவர், 'நம்ம பையன்' என்ற வழியாக. அந்த 'நம்ம' எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தன் தெருவிலிருந்து அந்தக் கல்லூரிக்குள் நுழையும் முதல் ஆளுக்குச் சீனியர் கிடையாது. அவர்தான் இனி வரப்போகிறவர்களுக்குச் சீனியர். ஆக, வகுப்பறையில் பாதிப் பேருக்குப் பாடம் முந்தின நாளே கிடைத்துவிடுகிறது. சிலருக்கு முந்தின வருடமே கிடைத்துவிடுகிறது. வகுப்பில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி. பி.பி.டி.யை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுப்பது யாருக்கும் சலுகை கொடுப்பதாகாது. சிலர் கையில் இருப்பதை எல்லோர் கையிலும் வைப்பது, அவ்வளவே.

அறிவைக் கொடுக்கும் நேரத்தை யார் தீர்மானிப்பது?

நம் முன்னோர் இந்த இடத்தை நன்றாக அறிவார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியான தன் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' நூலில் கோயம்புத்தூர்ப் படிப்புக் காலத்தைச் சொல்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்கள் படித்த இடத்தில் பத்துப் பேர் போக மீதி எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரோடும் சேர்ந்து பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவாராம். யோசித்துப் பாருங்கள். அந்த நானூறு பேரும் மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒருவருக்கொருவர் எவ்வளவு சொல்லிக்கொடுத்திருப்பார்கள்! அது எதுவும் அவருக்கு இல்லை. வகுப்பறைக்கு உள்ளே நடந்தது மட்டும்தான் அவருக்குப் பாடம்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர மறுத்ததால் பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் தன் சொந்த முயற்சியில் சமஸ்கிருதம் கற்றார். அவருக்கு அறிவு இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. எது, எப்போது, யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஆசிரியர் தன் கையில் வைத்திருந்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்தக் காலத்துக் கொடுமையையும் இன்றைய ஆசிரியரையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்று கதவையே அடைத்தார்கள். இன்று கதவு திறந்திருக்கிறது; நம் போராட்டத்தால் திறந்தது. இட ஒதுக்கீடு இருக்கிறது, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் வந்த 7.5 விழுக்காடு இருக்கிறது. இவை எல்லாம் வாசல் வரைக்குமான ஏற்பாடுகள். வாசலைத் தாண்டியபின் வகுப்பறையின் பழக்கவழக்கம் பழைய மாணவருக்காக, அதாவது வீட்டிலேயே பாதிப் பாடத்தைக் கற்றுவந்த மாணவருக்காகத் தைக்கப்பட்ட சட்டையாகவே இருக்கிறது. புதிய மாணவர் வந்துவிட்டார், சட்டையின் அளவு மாறவில்லை.

அண்ணல் தானே கல்லூரி நடத்தியபோது என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதன் சார்பில் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி வந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகக் காலை நேரத்தில் வகுப்புகள் வைக்கப்பட்டன. மாணவரின் வாழ்க்கையைப் பார்த்துக் கால அட்டவணையை மாற்றுவது தரத்தைக் குறைக்கும் வேலை என்று அவர் நினைக்கவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதரைவிடத் தரத்தைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

வருகைப் பதிவு என்னும் சாக்கு

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, "வகுப்புக்கு வர மாட்டார்கள்."

75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடுவதில்லை. வருகைப் பதிவேடு இருக்கிறது, அகமதிப்பீடு இருக்கிறது, பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகிறது. இத்தனை வேலி போட்டபிறகும், ஒரு பி.பி.டி. கையில் கிடைத்ததும் மாணவர் ஓடிவிடுவார் என்றால், அந்த வகுப்பில் பி.பி.டி.யைத் தாண்டி வேறு ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்? திரையில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் இந்த அச்சம் நியாயமாக வர வேண்டும். எடுத்துக்காட்டு சொல்லி, கேள்வி கேட்டு, கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்காட்டி நடத்துகிறவர் வகுப்பில் ஸ்லைடு என்பது எலும்புக்கூடு மட்டுமே. சதையைப் பார்க்க வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வகுப்புக்கு வராதவர்கள் யார், ஏன் வருவதில்லை என்பதையும் கேளுங்கள். ராத்திரி கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு விடியற்காலை திரும்புகிறவர். சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைகிறவர். ஒரே பஸ்ஸைத் தவறவிட்டவர். அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் கூலி தேவைப்படுகிறவர். இவர்கள் ஊர் சுற்றப் போனவர்கள் அல்லர். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் பாடம் ஒட்டாது. அதற்கடுத்த நாள் வருவதே வீண் என்று தோன்றும். படிப்பு நிற்பது இப்படித்தான், ஒரே நாளில் நிற்பதில்லை. தவறிய வகுப்பின் ஸ்லைடு கையில் இருந்தால் அடுத்த வகுப்புக்கு அவர் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. வருகையைக் குறைக்கும் என்று சொல்லப்படும் அதே கோப்புதான் பலரைத் திரும்ப வரவைக்கும்.

"ஊட்டி விடச் சொல்கிறீர்களா?"

இரண்டாவது வாதம்: நோட்ஸ் எடுப்பதே ஒரு பயிற்சி, எல்லாவற்றையும் கையில் கொடுத்தால் மாணவர் சோம்பேறியாகிவிடுவார்.

நோட்ஸ் எடுப்பது பயிற்சிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயிற்சியை எந்தக் கல்லூரி சொல்லித்தருகிறது? எந்த வாரம், எந்த வகுப்பில்? சொல்லித்தராத ஒன்றை வைத்து எடைபோடுவதற்குப் பெயர் பயிற்சி இல்லை, வடிகட்டல். திரையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் இறக்குவது குறிப்பெடுத்தலும் ஆகாது, அது நகலெடுத்தல். அந்த வேலையை ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னும் நன்றாகச் செய்வார். ஸ்லைடு கையில் இருக்கும் மாணவர்தான் உண்மையில் குறிப்பெடுக்க முடியும்: ஆசிரியர் வாயால் சொன்னதை, தனக்குத் தோன்றிய கேள்வியை, தமிழ்ச் சொல்லை ஓரத்தில் எழுதலாம்.

ஒரு ஆசிரியர் நேர்மையாகக் கேட்கலாம்: "நான் வகுப்பில் ஒரு கேள்வி போட்டு எல்லோரையும் யோசிக்க வைக்கப் போகிறேன். விடையும் ஸ்லைடில் இருக்கிறதே, முன்னாலேயே கொடுத்தால் யோசிப்பார்களா?" நியாயமான கேள்வி. பதிலும் எளிது. விடை இருக்கும் ஸ்லைடை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அனுப்புங்கள். கணக்கின் கடைசி மூன்று படிகளைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடத்தை நிரப்ப மாணவர் வகுப்புக்கு வருவார். இரண்டு ஸ்லைடை மறைக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக நாற்பது ஸ்லைடையும் பூட்டி வைப்பது கற்பித்தல் ஆகாது.

மூன்றாவது வாதம், "அது என் உழைப்பு. வெளியே போனால் யார் யாரோ எடுத்துக்கொள்வார்கள்." உழைப்பை மதிக்கிறோம். உங்கள் பெயரோடு அது போகட்டும். ஆனால் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001-இலேயே தன் பாடப் பொருள்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்து வைக்கப் போவதாக அறிவித்தது. நம் நாட்டு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வழியாகப் பேராசிரியர்களின் முழு வகுப்புகளே இணையத்தில் கிடைக்கின்றன. அவர்களுக்கு இல்லாத பயம், அந்த வகுப்புகளையும் பாடநூலையும் பார்த்து ஸ்லைடு தயாரிக்கும் நமக்கு எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோர்ஸ் ஃபைல்' என்று ஒன்று உண்டு. பாடத்திட்டம், எந்த நாளில் எந்தத் தலைப்பு, குறிப்புகள், கேள்விகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நாக் குழுவோ என்.பி.ஏ. குழுவோ ஆய்வுக்கு வரும்போது அதைப் பைண்டு போட்டு மேசையில் அடுக்கி வைக்கிறார்கள். வருகிற குழுவுக்கு எல்லாம் தயார். கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் பாடம் முடிந்தபிறகுதான். "தயாரிக்க நேரமில்லை" என்று சொல்லும் கல்லூரிகள் அந்த அலமாரியைத் திறந்துவிட்டுப் பேசட்டும்.

ஆசிரியர்களை நோக்கி இரண்டு சொல்

நேரமில்லை என்பது சிலருக்கு உண்மைதான். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தரப் பணி இல்லாமல், நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் ஒரு சிறு பங்கை ஊதியமாக வாங்கிக்கொண்டு வகுப்புகளை ஓட்டுகிறார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். புதிதாகக் கொடுக்கப்பட்ட பாடத்துக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து தயாரிப்பவரிடம் போய் ஒரு வாரம் முன்னால் கொடு என்று கேட்பது அநியாயம். அதனால் நம் கோரிக்கை அந்தத் தனி மனிதரின் கழுத்தைப் பிடிப்பதாக இருக்கக் கூடாது. தயாரிப்புக்கான நேரமும் அதற்கான ஊதியமும் அவர்களுக்கு வேண்டும் என்பதும் நம் கோரிக்கையின் ஒரு பகுதி. அவர்களுடைய பணி நிரந்தரப் போராட்டத்தில் மாணவர்கள் நின்றால், மாணவர்களின் கோரிக்கையில் அவர்கள் நிற்பார்கள்.

வேறு ஒரு பதில்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அது நம் ஆட்களிடமிருந்தே வருகிறது. "நாங்க எந்த பி.பி.டி.யைப் பார்த்துப் படிச்சோம்? தெரு விளக்குல படிச்சு வந்தோம். இவங்களுக்கு எல்லாம் வேணுமா?" அண்ணன்மார்களே, அக்காமார்களே, நீங்கள் வந்த பாதையை மதிக்கிறோம். ஆனால் உங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தெரு விளக்கைத் தாண்டி வந்தார்கள்? வராமல் போனவர்கள் எல்லாம் முட்டாள்களா? முள் குத்திய காலோடு நாம் நடந்து வந்தோம் என்பதால் பாதையில் முள் இருப்பது நல்லது என்று ஆகிவிடாது. முதலில் வந்தவருக்குத்தான் முள் எங்கே இருக்கிறது என்று தெரியும். எடுத்துப் போட வேண்டியவரும் அவரே.

கேட்டால் கொடுப்பேன் என்பது ஏன் போதாது?

"கேக்குறவங்களுக்குத் தர்றேன், யார் வேணாம்னு சொன்னா?" என்று சில ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

கேட்பது என்பது எல்லோருக்கும் ஒரே விலை உள்ள செயல் இல்லை. ஆசிரியர் அறைக்குள் போய், "சார், அந்த ஸ்லைடு கொஞ்சம்" என்று சொல்ல ஒருவருக்கு அரை நொடி. இன்னொருவருக்கு இரண்டு வாரத் தயக்கம். அகமதிப்பீடு என்று 25 மதிப்பெண்ணோ 40 மதிப்பெண்ணோ அந்த ஆசிரியர் கையில் இருக்கிறது. செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் அவர் கையில் இருக்கின்றன. "கோட்டாவில் வந்தவன், இதுகூடத் தெரியல" என்ற சொல்லை ஒரு முறை காதால் கேட்டவர் மறுபடி அந்தக் கதவைத் தட்ட மாட்டார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய 2006-இல் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2007-இல் வந்த அதன் அறிக்கையில், மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆசிரியர் ஆதரவு தங்களுக்குக் கிடைப்பதில்லை என்றும் மதிப்பீட்டில் பாகுபாடு இருக்கிறது என்றும் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரியிலேயே இந்த நிலை என்றால், யாருடைய கண்ணும் படாத கல்லூரிகளைப் பற்றி என்ன சொல்ல?

ஆகவே தனியாகப் போய் வாங்கும் உதவி நமக்கு வேண்டாம். தனியாக வாங்கும் எதற்கும் நன்றிக் கடன் உண்டு, பயமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில், கேட்காமலே வர வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவர் எல்லோருக்கும் இலை போடுவதைப் போல அது இருக்க வேண்டும்; கொல்லைப்புறம் வந்து நின்று கேட்டு வாங்கும் சோறு நம் பாட்டன்களோடு போகட்டும்.

பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு உள்ள நம் தோழர்களையும் மறக்க வேண்டாம். திரையைப் பார்க்க முடியாதவருக்கு, போனோ கணினியோ படித்துக்காட்டும் வகையில் கோப்பு முன்பே கையில் இருந்தால்தான் அந்த வகுப்பு வகுப்பு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்கள் அவர்களுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. அவர்களுக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய கோப்பை, அப்படியே எல்லோருக்கும் அனுப்புவதில் என்ன தடை?

"இதுவா இப்போ பிரச்சினை?"

இயக்கத் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ஆணவக் கொலை நடக்கிறது, குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கிறார்கள், பள்ளிப் பிள்ளையை வீடு புகுந்து வெட்டுகிறார்கள், நீ பி.பி.டி.யைப் பற்றி எழுதுகிறாயே?

வேங்கைவயலையும் நாங்குநேரியையும் மறந்துவிட்டு இதை எழுதவில்லை. நாங்குநேரியில் 2023-இல் வெட்டப்பட்ட அந்த மாணவன் என்ன செய்தான் என்று நினைவிருக்கிறதா? காயத்திலிருந்து எழுந்து படித்தான், தேர்வு எழுதினான், கல்லூரிக்குப் போனான். நம் பிள்ளைகள் படிப்பதுதான் அவர்களுக்கு எரிகிறது. அரிவாளுக்குத் தப்பி வருகிற பிள்ளை, கல்லூரிக்குள் சத்தமில்லாமல் தோற்றுவிடக் கூடாது. அரிவாள் செய்தியில் வருகிறது. மூன்றாவது பருவத்தில் ஏழு அரியரோடு ஊருக்குத் திரும்பி, பனியன் கம்பெனி வண்டியில் ஏறும் பிள்ளை எந்தச் செய்தியிலும் வருவதில்லை. 2025-இல் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயரை வரவேற்போம். அந்த விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளை நாளைய பாடத்தை இன்றிரவு படிக்க முடிகிறதா என்பதும் சமூகநீதிக்குள்தான் வரும்.

என்ன கேட்க வேண்டும்?

கோரிக்கை துல்லியமாக இருந்தால்தான் தட்டிக்கழிக்க முடியாது. ஆறு விஷயங்களைக் கேளுங்கள்.

1. வகுப்புக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு ஸ்லைடுகள் வர வேண்டும். வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தால் விடுதி மாணவருக்கும் பஸ்ஸில் வருகிறவருக்கும் பயனில்லை.

2. கல்லூரியின் பொதுவான ஒரே இடத்தில் போட வேண்டும். கிளாஸ் ரெப் போனுக்கு மட்டும் அனுப்பி, அவர் தனக்கு வேண்டியவர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு கூடாது. யாரை எந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை.

3. சாதாரண போனில் திறக்கும் பி.டி.எஃப். கோப்பாக, அளவு சிறிதாக இருக்க வேண்டும். ஒரு நாள் டேட்டாவைத் தின்னும் கோப்பு ஏழைக்குப் பூட்டிய கோப்புதான்.

4. ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பக்கத்தில் முக்கியக் கலைச்சொற்கள் பத்து, பதினைந்துக்குத் தமிழ் வேண்டும். நம் பிளஸ் டூ பாடநூலிலேயே அவை இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் சொல் இல்லை என்ற பேச்சு எடுபடாது.

5. பி.பி.டி. இல்லாமல் கரும்பலகையில் நடத்தும் கல்லூரிகளில், அந்த வகுப்பின் தலைப்புகளும் சொற்களும் கொண்ட ஒரு பக்கக் குறிப்பு போதும். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. போன் இல்லாதவருக்காகத் துறை நூலகத்தில் ஒரு அச்சுப் பிரதி.

6. பகுதிநேர, கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தயாரிப்பு நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும்.

எப்படிக் கேட்பது? தனியாகப் போகாதீர்கள். வகுப்பில் எல்லாச் சாதி மாணவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். இது எல்லோருக்கும் பயன்படும் கோரிக்கை. முதலில் கேட்டவர்கள் நாம் என்பதில் நமக்குப் பெருமைதான். துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். பருவ முடிவில் தரும் கருத்துப் படிவத்தில் இதையே எழுதுங்கள். நாக் மதிப்பீட்டில் அந்தப் படிவத்துக்கு எடை உண்டு. கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. செல்லுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அப்படி ஒரு செல் இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்தச் சாக்கில் அதையும் எழுப்பலாம். ஏற்கனவே கொடுக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதுங்கள். "முடியாது" என்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை.

காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள்தான் உங்கள் தெருவின் முதல் சீனியர். இந்த ஆண்டு உங்கள் கையில் கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பையும், நீங்கள் ஓரத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் வந்து உட்காரப்போகும் பிள்ளைக்குச் சாதி கேட்காமல் கொடுங்கள். அது விதி வரும்வரைக்கும் நாம் செய்வது. விதி வரும்வரை கேட்பதை நிறுத்தக் கூடாது.

கடிதம் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் இந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "எங்கள் வகுப்பில் சிலருக்கு மட்டும் முன்கூட்டியே கிடைக்கும் பாடம் எல்லோருக்கும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும் எனக் கோருகிறோம்."